டிரஸ்ஸிங்கைப் பாதியில் விட்டு அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தது தப்பா?

குமுளி சிஸ்டர்:
பீர்மேடு பக்கம் ஒரு பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் நர்ஸாக, அதாவது தீராத நோயில் படுத்திருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், தப்பா சரியா என்று நீங்களே சொல்லுங்கள். ஜீப் இறங்காத லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். டிரைவர் மேலே ரோட்டிலேயே நின்றுவிட்டார், கூட வரவேண்டிய ஆஷா சேச்சிக்கு அன்று காய்ச்சல். பக்கவாதத்தில் இரண்டு வருஷமாகப் படுத்திருக்கிற தாத்தா, இடுப்பில் படுக்கைப்புண், எலும்பு தெரிகிற ஆழம். ஒரே அறை. கூரை ஒழுகி மெத்தையின் கால்மாடு ஈரம், கட்டிலுக்கு அடியில் எலிப்புழுக்கை, மூலையில் ஆட்டுக்குட்டி. இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மகன் குடித்துவிட்டு வந்தான். வாசலில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டு, “பையில இருக்கிற வலி மாத்திரைய வச்சுட்டுப் போ” என்றான். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. மருமகள் அவனைப் பிடித்து இழுத்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். புண்ணின் மேல் காஸ் துணி வைத்திருந்தேன், பிளாஸ்திரி ஒட்டவில்லை. ஆபீஸில், பாதியில் விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டார்கள். ராத்திரி முழுக்க அந்தக் காஸ்தான் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் வந்தது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

தேனி ஸ்டாஃப்:
இதில் கேள்வியே இல்லை சிஸ்டர். வந்தது சரி, உள்ளே போனதுதான் தப்பு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கமும் வீடு தேடிப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போகிறவனுக்கு என்ன பாதுகாப்பு என்றுதான் கேட்கிறேன். மூன்று வருஷம் முன்பு ஒரு வீட்டில் கரண்ட் இல்லை, செல்போன் வெளிச்சத்தில் ஊசி போட்டு எடுத்தேன், பக்கத்தில் நின்ற குழந்தை கையைத் தட்டிவிட்டது, ஊசி என் விரலில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், அந்த வீட்டில் குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது. எச்ஐவி தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேரவே சாயங்காலம் ஆகிவிட்டது. 28 நாள் மாத்திரை, 28 நாளும் குமட்டல். அந்த ஒரு மாசமும் என் பிள்ளையைத் தூக்கவே பயந்தேன். தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கே தெரியும், அப்படியும் பயந்தேன். வெளிச்சம் இல்லை, தண்ணீர் இல்லை, ஒரே வாசல் என்றால் உள்ளே கால் வைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரவழைத்து நோயாளியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

லயத்துப் பையன்:
அண்ணே, உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்குக்கூட நர்ஸ் வர முடியாது. எல்லா வீடும் ஒரே வாசல்தான். ஆம்புலன்ஸ் எங்கே வரும்? ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாலு பேர் கம்பளியில் போட்டுத் தூக்கி வர வேண்டும், மழை நாளில் அட்டைக் கடியும் சேர்த்து. படுக்கைப்புண்ணோடு ஒருத்தரை அப்படித் தூக்கிப் பாருங்கள்.

அப்புறம் அழுக்கு. தோட்டத் தொழிலாளிக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. பீர்மேட்டில் 2000-க்கு அப்புறம் மூடிப்போன எஸ்டேட்டுகளில் அந்தக் கடமையைக் கேட்க ஆள் கிடையாது, கூரை மாற்றவும் ஆள் கிடையாது. என் அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது ஒரு நர்ஸ் வந்தார், பெயர் வேண்டாம். படியில் நின்றே மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, மாத்திரையை என் தங்கை கையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அன்று சாப்பிடவில்லை. “என்கிட்ட நாறுது, இனி யாரையும் கூப்பிடாத” என்றார். அதற்குப் பிறகு வலிக்குது என்று எங்களிடம்கூடச் சொல்வதை விட்டுவிட்டார்.

பாதுகாப்பில்லாத வீடு என்று நீங்கள் சொல்வது நீங்கள் அரை மணி நேரம் நிற்கிற இடம். நாங்கள் அங்கேதான் தூங்குகிறோம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயத்தோடு மண்ணுக்குள் போன 70 பேரும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தான்.

ஓய்வுபெற்ற விஎச்என்:
தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நர்ஸ் செய்ததற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், என் தொழில்காரி செய்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் விஎச்என்-ஆக, அதாவது கிராம சுகாதார நர்ஸாக, 30 வருஷத்துக்கு மேல் வீடு வீடாக நடந்தவள் நான். அழுக்குக்காக ஒரு வீட்டை விட்டதில்லை, விடத் தேவையும் இல்லை, ஏனென்றால் அழுக்கைச் சமாளிக்க நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பையைத் தரையிலோ கட்டிலிலோ வைக்காதே, பழைய பேப்பரை விரித்து அதன் மேல் வை. கை கழுவாமல் பையைத் திறக்காதே. வேண்டியதை ஒரே தடவையில் வெளியே எடுத்துக்கொண்டு மூடிவிடு, வேலை முடியும்வரை மறுபடி கையை உள்ளே விடாதே. உட்கார்ந்தால் பிளாஸ்டிக் நாற்காலி, மூட்டைப்பூச்சி துணியிலும் மர இடுக்கிலும்தான் அதிகம் இருக்கும். நாற்காலி இல்லையா, நின்றுகொண்டே செய். காசநோய் இருக்கிற வீடென்றால் முதல் வேலை ஜன்னலைத் திறப்பது, என்95 முகக்கவசம் நமக்கு, சாதாரணக் கவசம் நோயாளிக்கு. என் பையில் தண்ணீருக்கென்றே ஒரு லிட்டர் பாட்டிலும் ஒரு துண்டு சோப்பும் எப்போதும் இருக்கும். தேனித் தம்பி, அன்று உங்களிடம் அது இருந்திருக்கலாம்.

இன்னொன்று, வரக்காப்பி கொடுத்தால் குடித்துவிடுவேன். கொதிக்கக் கொதிக்க வருகிற காப்பியில் என்ன கிருமி பிழைக்கும்? டம்ளரைக் கீழே வைக்கும்போது அந்த வீட்டுப் பெண்ணின் முகம் மாறும், அதற்குப் பிறகு அவள் எதையும் மறைக்க மாட்டாள். புண்ணில் புழு இருக்கிறது என்பதைக்கூட அப்போதுதான் சொல்வார்கள். டர்பெண்டைன் நனைத்த காஸை வைத்து, புழு மேலே வர வர ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். முடித்ததும் அந்த அம்மா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தேனி ஸ்டாஃப்:
அம்மா, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்லிச் சொல்லியே எங்களைப் பேசவிடாமல் செய்துவிட்டார்கள். நீங்கள் நிரந்தர வேலையில் இருந்தவர். ஒப்பந்தத்தில் இருக்கிற எனக்குச் சிரங்கு வந்து என் வீட்டில் நாலு பேருக்கும் ஒட்டினால், கழுத்திலிருந்து கால்வரை பெர்மெத்ரின் தடவிக்கொண்டு, துணியெல்லாம் வெந்நீரில் போட்டு, அந்த வாரம் லீவு எடுத்தால் சம்பளமும் போகும். முகக்கவசத்தை நானே காசு கொடுத்து வாங்குகிறேன். காப்பி குடிப்பது என் மனசைப் பொறுத்தது, அதைக் கடமையாக்காதீர்கள்.

போடி அக்கா:
ஆண்கள் பேசும்போது ஒன்று விட்டுப்போகிறது. உட்கார் என்று சொல்லிக் கையைப் பிடிக்கிற வீடுகள் உண்டு, நான் போயிருக்கிறேன். ஆபீஸில் சொன்னால், வெளியில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய என்பார்கள். 2013-இல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை நிமித்தமாகப் போகிற எந்த இடமும், போய்வருகிற வண்டியும்கூட, வேலையிடம்தான். நோயாளியின் வீடும் அதில் அடங்கும். புகாரை எழுதியே கொடுங்கள் பிள்ளைகளா, வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

குமுளி சிஸ்டர்:
எல்லாவற்றையும் படித்தேன். தேனி அண்ணன் அழுக்கையும் ஆபத்தையும் ஒரே கட்டாகக் கட்டுகிறார், எனக்கு அது ஒப்பவில்லை. எலிப்புழுக்கைக்குப் பயந்து நான் திரும்பவில்லை. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கு வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்கிளின் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டு போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நான் திரும்பியது வாசலில் நின்ற ஆளுக்காக. அவன் என்னைத் தள்ளி நான் விழுந்திருந்தால் அந்த லயத்துக்கு அடுத்த வாரம் யார் போவது? என்னுடையது ஒரு வீடு இல்லை, மாசத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

லயத்துப் பையன்:
சேச்சி, மகன் குடிக்கிறான் என்பதற்குத் தாத்தா என்ன செய்வார்? அவரால் எழுந்து போய் வேறு வீட்டில் படுக்க முடியாது. நீங்கள் வெளியே வந்தது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வீட்டின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் என்றால் நான் ரோட்டுக்கு வந்து கூட்டிப் போவேன், நாயைக் கட்டிவைப்பேன், முடிகிறவரை வாசலில் நிற்பேன். ஒவ்வொரு லயத்திலும் அப்படி ஒரு ஆள் கிடைப்பான், யாராவது கேட்க வேண்டும். எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற விஎச்என்:
இந்தப் பையன் சொல்வதைக் கேளுங்கள் சிஸ்டர். காலையில் போங்கள், அவன் தெளிவாக இருக்கிற நேரம். பையில் வலி மாத்திரை வைக்காதீர்கள், வைக்கவில்லை என்பதை எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். வாசலுக்கும் உங்களுக்கும் நடுவில் கட்டில் இருக்கக் கூடாது, கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லி, வாசல் கண்ணில் படும்படி நில்லுங்கள். மருமகளுக்கு டிரஸ்ஸிங் கற்றுக்கொடுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டீஸ்பூன் உப்பு, ஆறின பிறகு கழுவ அது போதும்.

குமுளி சிஸ்டர்:
இன்று காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டு வந்தேன், ஆஷா சேச்சியும் வார்டு மெம்பரும் கூட வந்தார்கள். மகன் திண்ணையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பிளாஸ்திரி ஒட்டாமல் விட்ட காஸின் மேல் மருமகள் அன்றைக்கே துவைத்த வேட்டியைக் கிழித்து இடுப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள், தினமும் அவிழ்த்து மாற்றியும் இருக்கிறாள். புண்ணில் புழு இல்லை. உப்புத் தண்ணீர் காய்ச்சக் காட்டிக் கொடுத்தேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க, சாக்குக்குள் வைக்கோல் அடைத்துச் சாய்மானம் செய்யச் சொன்னேன். கூரைக்கு மெம்பர் தார்ப்பாய் கொடுக்கிறேன் என்றார். மேல் லயத்தில் ஒரு டிகிரி படிக்கிற பையன் வியாழக்கிழமைதோறும் ரோட்டுக்கு வந்து நிற்கிறேன் என்று நம்பர் கொடுத்திருக்கிறான்.

தேனி ஸ்டாஃப்:
நல்லது சிஸ்டர். அவன் வராத வியாழக்கிழமை தனியாக இறங்காதீர்கள்.