பொருள்: லேக் ஸ்க்ரூவுக்குத் தமிழ், வெள்ளிக்குள் வேண்டும்

எலும்பு மருத்துவர், தருமபுரி:
முன்கை முறிவு அறுவை பற்றிய தியேட்டர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிளேட் 'தகடு' ஆகிவிட்டது. முறிந்த துண்டுகளை நெருக்கிச் சேர்க்கும் லேக் ஸ்க்ரூதான் இடிக்கிறது. சாய்வாக முறிந்த ரேடியஸில் (முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பு), முறிவுத் தளத்துக்குச் செங்குத்தாக, எலும்பின் அருகுச் சுவரில் 3.5 மி.மீ. துளை, அதனுள் குழல் செருகித் தொலைச் சுவரில் 2.5 மி.மீ. துளை. தலை உட்காரக் குழித்து, ஆழம் அளந்து, தொலைச் சுவரில் மரை (திருகுப் புரி) வெட்டி 3.5 திருகாணியை ஏற்றினால், மரை அங்கே மட்டும் கடிக்கும், தலை இங்கே அழுத்தும், இடைவெளி மூடும். இரு சுவரையும் 2.5இல் துளைத்தால் மரை இரண்டையும் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு முறுக்கினாலும் இடைவெளி அப்படியே நிற்கும். 'இழுதிருகு' எனலாமா?

தமிழாசிரியர், கிருஷ்ணகிரி:
வினைத்தொகை, வல்லினம் மிகவில்லை, சரி. ஆனால் ஐயா, 'இழுது' என்றால் நெய், கொழுப்பு. 'இழுது இருகு' என்று பிரிப்பார்கள். தகடூர்க்காரருக்கு, அதாவது தருமபுரிக்காரருக்கு, வீட்டுச் சொல்லே உண்டு. அதியமானைப் பாடும் புறம் 87இல், நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் எடுத்துச் செய்த சக்கரத்தை 'திங்கள் வலித்த கால்' என்கிறார் ஔவை. அங்கே 'வலித்த' என்பதற்குக் 'கருதிச் செய்த' என்பது உரை. இழுத்தலும் வலித்தல்தான், துடுப்பு வலிக்கிறோமே. 'வலிதிருகு' என்போம்.

தியேட்டர் செவிலியர், தருமபுரி:
ஒப்புதல் படிவத்தில் 'வலிதிருகு' என்று பார்த்தால் நோயாளி புத்தூர்க் கட்டுக்கு பஸ் ஏறிவிடுவார் சார்.

லேத் பட்டறைக்காரர், ஓசூர்:
எங்கள் வேலைதான் இது. மேல்தகட்டில் லூஸ் ஓட்டை, கீழ்த்தகட்டில் டேப் போட்டு மரை. 'லேக்' என்பது பீப்பாய்ப் பலகை. அதை இறுக்கியதால் வந்த பெயர். இழுப்பதற்கும் அதற்கும் என்ன உறவு? 'தொலைமரைத் திருகு' என்றால் மரை எங்கே பிடிக்கும் என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

தமிழாசிரியர்:
சங்கப் பாட்டில் மரை ஒரு விலங்கு. 'தொலைமரை' தொலைந்த மரையாகிவிடும்.

செவிலியர்:
விலங்கு இருக்கட்டும். ட்ரேயில் 'லேக்' என்று தனித் திருகாணியே கிடையாது. முழு நீளமும் மரையுள்ள அதே 3.5தான், துளைதான் வேறு. 'தொலைமரை' என்று எழுதினால் புதிதாக வருபவர் பாதி மரை உள்ளதைத் தேடிக்கொண்டு நிற்பார். பெயரை முறைக்கு வையுங்கள், பொருளுக்கு வேண்டாம்.

மருத்துவர்:
இந்த வாதம் சரி. கையேட்டில் 'இழுவைத் திருகு முறை' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'லேக்' உடன் வரும். முன்கையில் இது தனியாகத் தாங்காது. மேலே தகடு, முறிவின் இருபுறமும் மும்மூன்று திருகாணி என்ற வரியும் சேர்கிறது. மறுப்பு உண்டா?

லேத் பட்டறைக்காரர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன்.

தமிழாசிரியர்:
நான் கட்டுப்படவில்லை. எங்கள் ஊரில் இழுவை என்றால் டிராக்டர். அடுத்த பதிப்புக்கு 'நெருக்கு முறை'யைப் பதிவு செய்துவையுங்கள்.