இங்கிலாந்துக் கோட்டைகள்: அடிபட்ட இடத்தைத் தேடிப் பாருங்கள்

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர், கோட்டை என்றால் லண்டன் டவரையும் விண்ட்சரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். டவரில் கோகினூர் பதித்த கிரீடமும், விண்ட்சரில் திப்பு சுல்தானின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன பொன் புலித்தலையும் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் நெஞ்சு கனக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு கோட்டை எப்படித் தாக்குப்பிடித்தது, எப்படி விழுந்தது என்று புரிய வேண்டுமானால் இந்த இரண்டும் போதாது. பளபளவென்று வைத்திருக்கும் கோட்டைகளைவிட அடிபட்ட கோட்டைகளில்தான் எனக்கு நிறையக் கிடைத்தது. அதிலும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுத்தபோதுதான்.

முதலில் ராச்செஸ்டர். லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து கடைவீதி வழியாக நடந்தால் பேராலயம், அதற்குப் பக்கத்திலேயே கோட்டை. டிக்கெட் கொடுத்த பெண்மணி, “அவசரமில்லையென்றால் உள்ளே போவதற்கு முன் கோபுரத்தை வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்” என்றார். சுற்றினேன். மூன்று மூலைகள் சதுரம். தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. திரும்பி வந்து சொன்னதும், அதற்காகவே காத்திருந்ததுபோல் கதையை ஆரம்பித்தார்.

இந்த நடுக்கோபுரத்தைக் கட்டியவர் கேன்டர்பரி பேராயர் வில்லியம் டி கார்பெயில். 1127-ல் முதலாம் ஹென்றி கோட்டையை அவரிடம் ஒப்படைத்தபின் எழுந்தது. உயரம் 113 அடி. இங்கிலாந்தில் இந்த வகைக் கோபுரங்களில் இதுதான் மிக உயரம். 1215 ஜூனில், மன்னனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்குச் சம்மதித்த ஜான் மன்னன், சில மாதங்களிலேயே அதை உதறிவிட்டான். எதிர்த்து எழுந்த பிரபுக்களின் ஆட்கள் ராச்செஸ்டரைப் பிடித்துக்கொண்டார்கள். அக்டோபரில் ஜானே படையோடு வந்து முற்றுகையிட்டான். கல்லெறி பொறிகளை வைத்து அடித்துப் பார்த்தும் கோபுரம் அசைந்துகொடுக்கவில்லை. அதனால் சுரங்கம் வெட்டச் சொன்னான். அஸ்திவாரத்துக்கு அடியில் குடைந்துகொண்டே போவார்கள். மேலே இருக்கும் சுவர் தங்கள் தலையில் விழாமலிருக்க மரத்தூண்களை முட்டுக்கொடுப்பார்கள். தேவையான அளவு குடைந்ததும் உள்ளே விறகை அடைத்துத் தீ வைப்பார்கள். முட்டு எரிந்து விழும், சுவர் இறங்கிவிடும்.

நவம்பர் மாத ஈரத்தில் அந்தத் தீ பிடித்து எரிய என்ன செய்வது? ஜான் ஒரு ஓலை அனுப்பினான்: சாப்பிட லாயக்கில்லாத, நன்றாகக் கொழுத்த பன்றிகள் 40, இரவு பகல் பாராமல் உடனே வேண்டும். அந்த உத்தரவு அரசாங்கப் பதிவேட்டில் எழுதப்பட்டு இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கிறது. பன்றிக்கொழுப்பு உருகி எரிந்த நெருப்பில் தென்கிழக்கு மூலை சரிந்தது. பிற்பாடு மூன்றாம் ஹென்றி காலத்தில் அதைத் திரும்பக் கட்டியபோது உருண்டையாகக் கட்டினார்கள். சதுர மூலையில் கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்ப்பது சுலபம். வளைவில் அது கஷ்டம்.

இதைக் கேட்டுவிட்டு உள்ளே போனால் பார்க்கிற கண்ணே வேறாகிவிடும். கோபுரத்துக்குள் கூரையும் இல்லை, தளமும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிகிறது. உத்திரங்கள் செருகியிருந்த துளைகள் சுவரில் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றில் புறாக்கள் குடியிருக்கின்றன. நடுவில் குறுக்காக ஒரு தடிச்சுவர் போகிறது. அந்தச் சுவருக்குள்ளேயே கிணற்றை மேல்வரை கொண்டுபோய், ஒவ்வொரு தளத்திலும் தண்ணீர் இறைக்க வழி செய்திருக்கிறார்கள். மூலை விழுந்த பிறகும் உள்ளே இருந்தவர்கள் சரணடையவில்லை. இந்தக் குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். பாதிக் கோபுரம் எதிரி கையில், பாதி இவர்கள் கையில்! குதிரைகளை அடித்துச் சாப்பிட்டுத் தாக்குப்பிடித்து, கடைசியில் நவம்பர் 30-ம் தேதி பசியால்தான் வெளியே வந்தார்கள். நான் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தேன். நடுவே சில அடிதான் கனம்.

ராச்செஸ்டருக்கு அடுத்தபடி டோவர் போவது நல்லது, ஏனென்றால் அதே கதையின் அடுத்த அத்தியாயம் அங்கேதான் நடந்தது. 1216-ல், பிரபுக்கள் அழைத்து வந்த பிரெஞ்சு இளவரசன் லூயி டோவரை முற்றுகையிட்டான். அவன் ஆட்களும் சுரங்கம் வெட்டித்தான் வடக்கு வாசலின் ஒரு கோபுரத்தைச் சாய்த்தார்கள். கோட்டைத் தளபதி ஹ்யூபர்ட் டி பர்க், விழுந்த இடத்தைப் பெரிய மரங்களைக் கொண்டு அடைத்துக் கோட்டையைக் காப்பாற்றிவிட்டார். அதற்கப்புறம் அந்த வாசலையே நிரந்தரமாக மூடிவிட்டு, மேற்குப் பக்கம் புது வாசல் கட்டினார்கள். மூடிய வாசலை இன்றும் பார்க்கலாம். கூட்டம் முழுக்க இரண்டாம் உலகப் போர்ச் சுரங்கங்களுக்கு வரிசை கட்டி நிற்கும். 1940-ல் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்களை மீட்ட நடவடிக்கையை அட்மிரல் ராம்சே அங்கிருந்துதான் நடத்தினார், அதைத் தவறவிட வேண்டாம். ஆனால் வடக்குக் கோடியில் இருக்கும் பழைய சுரங்கங்களுக்கும் இறங்குங்கள். முற்றுகைக்குப் பிறகு, சுவருக்கு வெளியே மறைவாகப் போய்வர வெட்டியவை. நான் போனபோது அங்கே ஆளே இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, குளிர்ந்த காற்று. தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டுகிறது.

நடுக்கோபுரத்துச் சுழற்படியில் ஒரு வழிகாட்டி, படிகள் வலப்பக்கமாகச் சுழல்வது மேலே நிற்பவன் வாள் வீச வசதியாக இருக்கத்தான் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கதையைக் கோட்டைக்குக் கோட்டை கேட்கலாம். கோட்டைகளை ஆராய்கிறவர்கள் பலர் இதை ஏற்பதில்லை. இடப்பக்கமாகச் சுழலும் படிகளும் நிறைய இருக்கின்றன. எதிரி படிவரைக்கும் வந்துவிட்டால் கதை ஏற்கெனவே முடிந்ததுதானே? பன்றி ஓலை மாதிரி உண்மைக் கதைகள் இருக்கும்போது பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

சுரங்கத்துக்கு நிஜமான பதில் தண்ணீர். அதை கெனில்வொர்த் கோட்டையில் பார்க்கலாம். ஓடைகளை அணை கட்டி மறித்து, கோட்டையைச் சுற்றி ஒரு பெரிய ஏரியையே உண்டாக்கியிருந்தார்கள். 1266-ல் மூன்றாம் ஹென்றி இங்கே சுமார் ஆறு மாதம் முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. செஸ்டரிலிருந்து படகுகளைத் தருவித்தும் பலிக்கவில்லை. பசியும் நோயும்தான் கதவைத் திறந்தன. இன்று ஏரி இல்லை; 17-ம் நூற்றாண்டில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் வடித்துவிட்டார்கள். அந்த இடத்துப் புல்வெளியில் பொதுப்பாதை போகிறது. நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வயதான தம்பதி, “கனமழை பெய்தால் இங்கே தண்ணீர் நிற்கும், அப்போது வந்து பாருங்கள், பழைய கோட்டை தெரியும்” என்றார்கள். மழை வரும்வரை காத்திருக்க முடியாது. ஆனாலும் சாயங்கால வெயிலில் அந்தச் செம்மணற்கல் சுவர்களைப் புல்வெளியிலிருந்து பாருங்கள்.

டார்செட்டில் இருக்கும் கார்ஃப் கோட்டை வேறு ரகம். இதை இடித்தது முற்றுகையிட்டவர்களின் பீரங்கி இல்லை. உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற மேரி பேங்க்ஸ் சீமாட்டி, 1643-ல் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு இதைக் காத்தார். 1646-ல் உள்ளே இருந்த அதிகாரி ஒருவர் துரோகம் செய்து எதிரிப் படையைக் கோட்டைக்குள் விட்டதால் விழுந்தது. பிறகு பாராளுமன்றம் உத்தரவு போட்டு, சுவர்களுக்கு அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. உள்வாசலில் நின்றால் அதன் விளைவைக் கையால் தொடலாம். ஒரு பக்கத்துக் கோபுரம் முழுசாக, உடையாமல், அப்படியே கீழே இறங்கியிருக்கிறது. வளைவின் இரண்டு பாதியும் நிலை சரிந்த வீட்டுக் கதவு போல ஒன்றுக்கொன்று சேராமல் நிற்கின்றன. அங்கே ஒரு சிறுவன், “எந்த எதிரி இப்படிச் செய்தான்?” என்று கேட்டான். பக்கத்தில் நின்ற தன்னார்வலர், “எதிரி இல்லை தம்பி, நம்ம பாராளுமன்றம்தான்” என்றார். கீழே ஊரில் வீடுகளின் சுவர்களைக் கவனியுங்கள், கோட்டைக் கற்கள் பல அங்கே போயிருக்கின்றன. கோட்டையின் சாவிகள் மட்டும் பேங்க்ஸ் குடும்பத்தின் கிங்ஸ்டன் லேசி மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன.

கடைசியாக டாட்டர்ஷல், லிங்கன்ஷயர். 15-ம் நூற்றாண்டில் அரசாங்கப் பொருளாளர் ரால்ஃப் குரோம்வெல் கட்டிய செங்கல் கோபுரம். 1911-ல் இதன் கல் கணப்படுப்புகளைப் பெயர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். தடுத்து, கோட்டையையே வாங்கி, கணப்படுப்புகளைத் திரும்பப் பொருத்தியவர் கர்சன் பிரபு. ஆமாம், நம்முடைய வைஸ்ராய் கர்சன்தான். 1913-ல் பிரிட்டனின் நினைவுச் சின்னச் சட்டம் வர இந்தச் சம்பவமும் ஒரு காரணம். அங்கிருந்த தன்னார்வலர் அம்மையார் கர்சனைப் பற்றி மனமுருகிப் பேசினார். 1905-ல் வங்காளத்தைப் பிரித்தவர் என்றுதான் எங்களுக்கு அவரைத் தெரியும் என்றேன். அவருக்கு அது புதிது. 1904-ல் இந்தியாவிலும் பழைய சின்னங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவர் அதே கர்சன் என்பதையும் சொன்னேன். அந்த கணப்படுப்பின் முன் நின்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். ஒரே மனிதரைப் பற்றி அவர் அறிந்த பாதியும் நான் அறிந்த பாதியும் அன்றுதான் சேர்ந்தன. கல்லைக் காத்தவர் என்பதற்காக, மக்களைப் பிரித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டோவரும் கெனில்வொர்த்தும், பழைய சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் வசம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அவர்களே 9 நாள், 16 நாள் பாஸ் தருகிறார்கள். கார்ஃபும் டாட்டர்ஷலும் நேஷனல் டிரஸ்ட் என்ற வேறொரு அமைப்புடையவை, அங்கே இந்த பாஸ் செல்லாது. படிகள் தேய்ந்து வழுக்கும், பிடிக்க ஒரு கயிறு மட்டும் இருக்கும் இடங்களும் உண்டு, அதனால் நல்ல ஷூ அவசியம். டாட்டர்ஷலுக்குக் கார் இல்லாமல் போவது சிரமம். எனக்கு அடுத்தது நார்தம்பர்லாந்தில் டன்ஸ்டன்பரோ. சாலை கிடையாது, கிராஸ்டர் மீனவக் கிராமத்திலிருந்து கடலோரமாக ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் போனவர்கள் யாராவது இருந்தால் பாதை எப்படி என்று எழுதுங்கள்.