லேப்ரடாரின் இடுப்பில் ஒரே இரவில் பரவிய ஈரப்புண்: மருந்துக்கடைக் களிம்பு போடலாமா?

பள்ளிக்கரணை வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு நான்கு வயது, எடை 32 கிலோ. மழைக்காலம் தொடங்கியது முதல் அவனுடைய உள்முடி சரியாகக் காய்வதே இல்லை. எத்தனை முறை துவட்டிவிட்டாலும் சற்று நேரத்தில் மறுபடியும் ஈரத்தில் போய்ப் படுத்துவிடுகிறான். நேற்று மாலை வாலின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே, இடுப்பின் வலப்பக்கத்தை விடாமல் கடித்துக்கொண்டிருந்தான். அப்போது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி நனைந்து ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். இன்று காலையில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்து, தோல் செக்கச்செவேலென்று மாறி, மஞ்சள் நிற நீர் கசிந்து, ஓரத்து முடியெல்லாம் பிசுபிசுவென்று படிந்திருக்கிறது. வாடையும் அடிக்கிறது. கையை அருகில் கொண்டுபோனாலே உறுமுகிறான். சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை.

இது சொறியா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசினால் ஆறிவிடும் என்கிறார் மாமியார். படர்தாமரைக்குப் போடும் களிம்பு வீட்டில் இருக்கிறது, அதையே தடவலாம் என்கிறார் கணவர். இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனை திறக்கவில்லை. வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. அதற்கு இதுவரை எதுவும் இல்லை. நாளை வரை என்ன செய்வது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சேலையூர் டாமி வீடு

முதலில் கழுத்தில் கோன், அதாவது நாய் புண்ணை நக்க முடியாதபடி தலையைச் சுற்றி நிற்கும் கூம்புப் பட்டை, மாட்டிவிடுங்கள். எந்த மருந்தைப் போட்டாலும் அவன் நக்கிக்கொண்டே இருந்தால் பயனில்லை. கோன் இல்லையென்றால் மெல்லிய துண்டை உருட்டிக் கழுத்தில் கட்டலாம் என்பார்கள். ஆனால் இடுப்புப் புண்ணுக்கு அது போதாது, லேப்ரடார் எப்படியாவது வளைந்து எட்டிவிடும். மூக்கு நுனிக்கு மேலும் சற்று நீளும் அளவுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அம்மா, நீங்கள் சொல்லும் இடமும், பரவிய வேகமும், நீர்க் கசிவும் சேர்ந்து பார்க்கும்போது இது ஹாட் ஸ்பாட் என்று பரவலாகச் சொல்லப்படும் ஈரப்புண்ணாகவே தோன்றுகிறது. சொறி இப்படி ஒரே இரவில் பரவுவதில்லை. அது பல நாட்களில் மெதுவாக, பெரும்பாலும் காது ஓரம், முழங்கை, முகம் என்று தொடங்கும். ஆனாலும் படத்தைக்கூடப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், நாளை மருத்துவரிடம் காட்டுவதை இந்தப் பதில் எந்த வகையிலும் தள்ளிப்போடக் கூடாது.

நடப்பது இதுதான். ஏதோ ஒரு காரணத்தால் ஓரிடத்தில் அரிக்கிறது. நாய் அங்கே கடிக்கிறது, நக்குகிறது. தோலின் மேலடுக்கு கிழிந்து நீர் கசிகிறது. நீண்ட முடி அந்த ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைத்திருப்பதால், தோலில் எப்போதும் இருக்கும் கிருமிகள் அங்கே பெருகுகின்றன. அதனால் அரிப்பும் வலியும் கூடுகின்றன, நாய் மேலும் கடிக்கிறது. இந்தச் சுற்று சில மணி நேரத்திலேயே பெரிதாகிவிடும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, செயின்ட் பெர்னார்டு போன்ற அடர்ந்த உள்முடி உள்ள இனங்களில், அதுவும் வெக்கையும் ஈரமும் சேர்ந்திருக்கும் காலத்தில், இதை அடிக்கடி பார்க்கலாம்.

இன்று செய்ய வேண்டியவை மூன்றுதான்: நக்கவிடாமல் தடுப்பது, முடியை எடுப்பது, காயவிடுவது. முடியை எடுப்பது மிக முக்கியம். பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். புண்ணின் ஓரத்தைத் தாண்டி நல்ல தோல் தெரியும் வரை, ட்ரிம்மரால் மெதுவாக எடுக்க வேண்டும். முடி விலகிய பிறகு புண் நீங்கள் நினைத்ததைவிட இரு மடங்கு பெரிதாகத் தெரியலாம். அதைக் கண்டு பதற வேண்டாம், அது முன்பே அங்கே இருந்ததுதான். கத்தரிக்கோலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நாய் துள்ளும்போது தோல் வெட்டுப்படும். அவன் கடிக்க வந்தால் வற்புறுத்த வேண்டாம். இந்தப் புண் கடுமையாக வலிக்கும், சாதுவான நாய்கூடக் கடித்துவிடும். மயக்க ஊசி போட்டு மருத்துவர் முடி எடுப்பதே அப்போது நல்லது.

கழுவுவதற்குக் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினிக் கரைசல் ஏற்றது. மருந்துக்கடையில் 2 சதவீதக் கரைசல் கிடைத்தால், அதில் 25 மில்லியை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கலந்தால் 0.05 சதவீதம் ஆகும். புண்ணுக்கு அந்த அளவு போதும். கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. அது கிடைக்காவிட்டால் சலைன் பாட்டில் போதும். பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு சுத்தமான துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். கட்டுப் போட வேண்டாம், அது ஈரத்தை மறுபடியும் அடைத்துவிடும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் ஆகியவை உரிந்த தோலை எரிக்கும். அவற்றை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டில் சொல்லப்படும் இரண்டு யோசனைகளுக்கும் என் பதில், வேண்டாம் என்பதே. எண்ணெய் எதுவாக இருந்தாலும் காய வேண்டிய இடத்தை மூடிவிடும். மஞ்சள் பொடி கசியும் நீரில் ஊறிப் பொருக்காகி, அடியில் சீழ் பிடிக்க இடம் கொடுக்கும். படர்தாமரைக் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால் என்னும் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஒருவேளை இது சொறியாகவோ பூஞ்சையாகவோ இருந்தால் அது நோயை முற்றவைக்கும். நாய் நக்கினால் அந்த மருந்து வயிற்றுக்குள்ளும் போகும். காலமைன் லோஷனையும் போட வேண்டாம். அதிலுள்ள துத்தநாக ஆக்சைடை நாய் நக்கி விழுங்கினால், அளவு கூடும்போது இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். வலிக்கிறதே என்று இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற நம் மாத்திரைகளைக் கொடுப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து: இரைப்பையில் புண் வரும், சிறுநீரகமும் பழுதாகலாம்.

இன்னொன்று. மழைக்காலத்தில் ஈக்கள் இந்தப் புண்ணில் முட்டையிட்டால் புழு வைத்துவிடும். குழிகள் தெரிந்தாலோ, ஏதாவது நெளிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, நாய் சோர்ந்து படுத்தாலோ நாளை வரை காத்திருக்காமல், திறந்திருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். டர்பன்டைன் எண்ணெயை ஊற்றும் பழைய வழக்கத்தை நாய்களிடம் காட்டக் கூடாது.

கடலூர்க்காரன்

எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெயிலேயே எத்தனையோ நாய்கள் குணமாகியிருக்கின்றன, சகோதரி. எல்லாவற்றுக்கும் மருந்துக்கடை என்று ஓடினால் நாயின் எதிர்ப்புச் சக்தி என்ன ஆவது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

தாங்கள் சொல்வதை நான் முழுவதும் மறுக்கவில்லை. வறண்டு செதில் உதிரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் இதமாக இருக்கும். ஊர்நாய்களுக்கு முடி குட்டை. புண் காற்றில் தானாகவே காய்ந்து ஆறிவிடும், பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். அடர்ந்த முடிக்கு அடியில் நீர் வடியும் புண் வேறு விஷயம்.

பள்ளிக்கரணை வாசி

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே கணவர் பிடித்துக்கொள்ள, முடியை எடுத்துக் கழுவிவிட்டேன், கோனும் மாட்டியாயிற்று. புண் தெரிந்த அளவைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் மாலைக்குள் நீர் கசிவது குறைந்து மேல்பக்கம் காய்ந்திருக்கிறது. முடி எடுக்கும்போது தோலோடு ஒட்டி மிளகுத்தூள் போல் கறுப்புத் துகள்கள் கிடந்தன. அழுக்கு என்று நினைத்து ஈரப்பஞ்சில் துடைத்தேன். பஞ்சில் பட்ட இடத்தில் அவை கரைந்து செம்பழுப்பாகப் படர்ந்தன. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. அவன் கழுத்தில் உண்ணிக்கான பட்டை கட்டித்தான் இருக்கிறோம். இது என்னவாக இருக்கும்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அது அழுக்கு அல்ல, தெள்ளுப்பூச்சியின் கழிவு. செரித்த இரத்தம் என்பதால் ஈரம் பட்டால் சிவக்கிறது. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

உண்ணி வேறு, தெள்ளுப்பூச்சி வேறு. உண்ணி ஓரிடத்தில் கவ்விக்கொண்டு தொங்கும், விரலுக்குத் தட்டுப்படும். தெள்ளுப்பூச்சி தட்டையான சிறு பூச்சி. முடிக்குள் ஓடும், தாவும், பார்த்துப் பிடிப்பது அரிது. அதன் எச்சில் சில நாய்களுக்கு ஒவ்வாது. அப்படிப்பட்ட நாயை நூறு பூச்சிகள் கடிக்க வேண்டியதில்லை, ஓரிரண்டு கடித்தாலே அரிப்பு தாங்காது. அந்த அரிப்பு வழக்கமாக எங்கே வரும் என்று பாருங்கள்: இடுப்பு, வாலின் அடி, பின்தொடை. உங்கள் நாய்க்குப் புண் வந்திருப்பதும் அங்கேதான். இதே ஈரப்புண் காதுக்குக் கீழே கன்னத்தில் வந்திருந்தால் காதுக்குள் சீழ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். வாலுக்கு அடியில் வந்திருந்தால் மலத்துவாரச் சுரப்பிகளைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

நாயின்மேல் நடமாடும் பூச்சிகள் மொத்தத்தில் சிறு பங்குதான். ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். அவை உதிர்ந்து அவன் படுக்கும் சாக்கிலும், சோபாவின் இடுக்கிலும், பூனை உறங்கும் மூலையிலும் விழுந்து புழுவாகிக் கூடு கட்டுகின்றன. எனவே வீட்டையும் சேர்த்து மருத்துவம் பார்த்தால்தான் இது நிற்கும். படுக்கைத் துணிகளைக் கொதிக்கும் சூடுள்ள நீரில் துவைத்து, தரையையும் சோபாவையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அந்தக் குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே கட்டிப் போடுங்கள்.

பூனைக்கு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூச்சி இருந்தும் பூனை அரிப்பைக் காட்டாமல் இருக்கக்கூடும். நாள் முழுவதும் நக்கித் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதால் தடயமும் மிஞ்சாது. அதற்கும் மருந்து வேண்டும். ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். வலிப்பு வந்து இறந்தும் போகலாம்.

நாய்க்கு, மாதம் ஒரு முறை கொடுக்கும் அஃபாக்ஸோலேனர், 12 வாரங்களுக்கு ஒரு முறை கொடுக்கும் ஃப்ளூராலேனர் போன்ற மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. அவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகளைக் கொடுப்பதில் அப்போது எச்சரிக்கை தேவை.

கோல்டன் அம்மா

எங்கள் கோல்டனுக்குத் தெள்ளுப்பூச்சி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வருடம் முழுவதும் பாதங்களை நக்குகிறாள், காது சிவக்கிறது, அவ்வப்போது ஈரப்புண் வருகிறது. கோழியை நிறுத்தினால் சரியாகும் என்று பலரும் சொல்கிறார்கள். நிறுத்திப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் முறையாகச் செய்தால்தான் விடை கிடைக்கும். கோழி, மாட்டிறைச்சி, பால், கோதுமை ஆகியவை நாய்களுக்கு அதிகமாக ஒவ்வாத உணவுகள். கோழியை மட்டும் விட்டுவிட்டுத் தயிர்ச் சாதமும் பிஸ்கட்டும் தொடர்ந்தால் எதுவும் தெரியாது. அவள் இதுவரை தின்றிராத ஒரு புரதத்தையும் ஒரு மாவுப் பொருளையும் மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்து, அரிப்பு குறைந்ததும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீண்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுவையூட்டிய மாத்திரைகூடக் கணக்கைக் கெடுக்கும். இரத்தப் பரிசோதனையில் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உணவும் காரணமில்லை என்றானால், தூசு, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். பாதம், காது, அக்குள், வயிறு என்பதுதான் அதன் வழக்கமான பாதை. அதை முற்றிலும் குணப்படுத்த முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். ஓக்லாசிட்டினிப் மாத்திரையும் லோகிவெட்மாப் ஊசியும் அதற்காக வந்தவை. முன்னதை ஒரு வயதுக்கு உட்பட்ட நாய்களுக்குக் கொடுப்பதில்லை.

பள்ளிக்கரணை வாசி

மருத்துவரிடம் காட்டிவிட்டோம். புண்ணில் கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பக்கத்துத் தோலையும் சுரண்டிப் பார்த்துவிட்டு, சொறி இல்லை என்றார். கிருமி மேல்தோலோடு நிற்பதால் ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையில்லை என்று சொல்லி, சில நாட்களுக்கு ப்ரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு, கழுவக் குளோர்ஹெக்சிடின், நாய், பூனை இரண்டுக்கும் தெள்ளுப்பூச்சி மருந்து ஆகியவற்றைக் கொடுத்தார். இப்போது பக்குக் கட்டிவிட்டது, அவனும் பழையபடி விளையாடுகிறான். ஆனால் தண்ணீரை மிக அதிகமாகக் குடிக்கிறான், இரவில் வெளியே விடச் சொல்லி எழுப்புகிறான். இத்தனை நாள் இல்லாமல் இன்று ஒரு தெள்ளுப்பூச்சியைக் கண்ணாலும் பார்த்துவிட்டேன். மருந்து வேலை செய்யவில்லையோ?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

ஆன்டிபயாடிக் எழுதாமல் விட்டது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. புண்ணைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் தனித்தனியாக எழும்பியிருந்தால் கிருமி முடிவேருக்குள் இறங்கியிருக்கும். அப்போது வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் தேவைப்படும், அது வேறு.

தாகமும் சிறுநீரும் கூடுவது ப்ரெட்னிசோலோனின் வழக்கமான விளைவு. மருந்து முடிந்ததும் அடங்கும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அவர் எழுதிக் கொடுத்த வரிசைப்படியே குறைத்து முடியுங்கள்.

பூச்சி தெரிவதில் வியப்பில்லை. கூட்டுக்குள் இருப்பவற்றை எந்த மருந்தும் எட்டுவதில்லை. அவை இன்னும் பல வாரங்களுக்கு வெளிவந்துகொண்டே இருக்கும், நாயைக் கடித்த பிறகுதான் சாகும். அடுத்த வேளை மருந்தைத் தேதி தவறாமல் கொடுங்கள், பூனைக்கும் அப்படியே.

சேலையூர் டாமி வீடு

பக்கு உதிர்ந்த பிறகு குளிப்பாட்டலாமா ஐயா? மழை விட்டபாடில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

தாராளமாக. நம்முடைய ஷாம்பு வேண்டாம், நாய்களுக்கான குளோர்ஹெக்சிடின் ஷாம்புவே போதும். நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். டிரையரைச் சூடில்லாமல் வைத்து, முடியை எதிர்ப்பக்கமாகக் கோதி, அடித்தோல் காயும் வரை ஊதுங்கள். மேல்முடி காய்ந்ததும் நிறுத்திவிடக் கூடாது. லேப்ரடாருக்கு ஈரம் தங்குவது அதற்கு அடியில்தான்.