கூஸ்பெரி மொட்டையாகிவிட்டது, பிளாக்கரண்ட் காய்க்கவே மாட்டேன் என்கிறது. உதவி!

ஹாரோவாசி:
வணக்கம். லண்டன் ஹாரோவில் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம், களிமண். நாலு வருடத்துக்கு முன் பழத்துக்காக இரண்டு புதர்ச்செடிகள், ஒரு கூஸ்பெரியும் (லெவலர் ரகம்) ஒரு பிளாக்கரண்டும் (பெயர்ச்சீட்டு தொலைந்துவிட்டது), நட்டேன். போன வெள்ளிக்கிழமை வரை கூஸ்பெரி தளதளவென்று நின்றது. செவ்வாய்க்கிழமை பார்த்தால் நரம்பும் காம்பும்தான் மிச்சம்! போன வருடம் இலை தப்பியது, ஆனால் காய்மேல் வெள்ளை மாவு படிந்து, அப்புறம் பழுப்பாகத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். பிளாக்கரண்டில் இலைக்குக் குறைவில்லை, காய் மட்டும் ஒரு கைப்பிடி. இரண்டுக்கும் கோழி எரு தாராளம். குளிர்காலத்தில் இரண்டையும் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டிவிடுவேன். பிடுங்கிவிட்டு வேறு ரகம் வைக்கலாமா? சின்னப் பிள்ளைகள் இருப்பதால் முள் குறைவாக இருந்தால் நல்லது.

லெஸ்டர் அக்கா:
பிடுங்காதீர்கள் தம்பி. இலையைத் தின்றது சாஃப்ளை புழு. வெளிர்பச்சை உடம்பு, கறுப்புப் புள்ளிகள், வளர்ந்தால் 2 செ.மீ. இருக்கும். செடியின் நடுவில், தாழ்ந்த இலைகளுக்கு அடியில்தான் முட்டை. உள்ளேயிருந்து தின்றுகொண்டே வரும். வெளிப்பக்க இலைக்கு வந்தபிறகுதான் நம் கண்ணில் படும், அதற்குள் கதை முடிந்திருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை குனிந்து உள்ளே பாருங்கள், கையாலேயே நசுக்கிவிடலாம். ஜூலையிலும் கோடை முடிவிலும் அடுத்த தலைமுறைகள் வரலாம். முட்டைக்கோஸ் புழுவுக்கு அடிக்கும் பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்தை வாங்கிவிடாதீர்கள். இது வண்ணத்துப்பூச்சிப் புழு இல்லை, குளவிக்குச் சொந்தம், அந்த மருந்து இதற்கு வேலை செய்யாது. செடி சாகாது, மறுபடி துளிர்க்கும்.

வெள்ளை மாவு அமெரிக்கச் சாம்பல் நோய் என்ற பூஞ்சை. அந்தப் பழுப்புத் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சமைத்திருக்கலாம், கொட்டியதுதான் வருத்தம். கோழி எருவில் தழைச்சத்து அதிகம். தளிர் மெத்தென்று வளர வளர நோய்க்குக் கொண்டாட்டம். ஒரே மட்டமாக வெட்டுவதால் செடி புதராக அடைந்து காற்றும் போவதில்லை. நடுவைக் காலியாக்கிக் கிண்ணம் போல விடுங்கள். லெவலர் ருசியில் ராஜா, ஆனால் இந்த நோய்க்குச் சீக்கிரம் விழும். இன்விக்டா ரகம் நோயைத் தாங்கி மூட்டையாகக் காய்க்கும், ஆனால் முள் பயங்கரம். பிள்ளைகளுக்கென்றால் பாக்ஸ் அல்லது கேப்டிவேட்டர் பாருங்கள், இரண்டிலும் முள் அநேகமாக இல்லை.

டண்டிக்காரன்:
பிளாக்கரண்ட் காய்க்காததற்குக் காரணம் உங்கள் கத்தரிக்கோல்தான். கூஸ்பெரியும் ரெட்கரண்டும் பழைய கிளையில் காய்க்கும். அதனால் ஒரு தண்டில் நிறுத்தி, பக்கக் கிளைகளைக் குளிர்காலத்தில் இரண்டு மொட்டுக்கு வெட்டலாம். பிளாக்கரண்ட் போன வருடம் வளர்ந்த கிளையில்தான் நன்றாகக் காய்க்கும். நீங்கள் முழங்காலுக்கு மேலே வெட்டி எறிவது அந்தக் காய்ப்பைத்தான்! இலை உதிர்ந்தபிறகு, வயதான, கறுத்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு எடுங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம்.

புதிதாக வாங்கினால் பென் சாரெக். சின்னத் தோட்டத்துக்கு ஏற்ற குட்டைச் செடி. பென் என்று தொடங்கும் ரகங்கள் எங்கள் டண்டி பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை, பெயர்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்து மலைகளுடையவை (கொஞ்சம் ஊர்ப் பெருமை, மன்னிக்கவும்). நடும்போது தொட்டியில் இருந்ததைவிட 5 செ.மீ. ஆழமாக நடுங்கள், அடியிலிருந்து நிறையக் கிளை வரும். கூஸ்பெரிக்கு அப்படிச் செய்யாதீர்கள். பிப்ரவரியில் உங்கள் பழைய செடியையும் ஒருமுறை பாருங்கள்: மொட்டுகள் பட்டாணி போல உருண்டு வீங்கியிருந்தால் சிலந்திப்பேன். அது வைரஸையும் பரப்பும், செடியை எடுத்துவிடுவதே மேல்.

கோவை மாடித்தோட்டம்:
குறுக்கே வருகிறேன். இதெல்லாம் கோவையில் வளருமா? ஊட்டியில் கூஸ்பெரி என்று வாங்கிய நினைவு.

லெஸ்டர் அக்கா:
வளராது அம்மா, குளிர்காலத்தில் பல வாரம் நல்ல குளிர் பட்டால்தான் இதில் பூ வரும். ஊட்டியில் காகிதக்கூட்டுக்குள் மஞ்சளாக இருந்ததா? அது நம்ம சொடக்குத் தக்காளிக்குப் பங்காளி. நெல்லிக்காய்க்கும் எங்கள் கூஸ்பெரிக்கும்கூட உறவு கிடையாது, ஆங்கிலப் பெயர் செய்த குழப்பம்.

ஹாரோவாசி:
நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன், 43 புழு! மனைவி எண்ணினாள், நான் நசுக்கினேன். கோழி எருவை நிறுத்திவிட்டேன். பிளாக்கரண்டை இப்போதே கவாத்து செய்யலாமா?

டண்டிக்காரன்:
இப்போது கை வைக்காதீர்கள். இந்தக் கோடையில் அடியிலிருந்து வரும் கிளைதான் அடுத்த வருடக் காய். தண்ணீர் மட்டும் விடுங்கள், மார்ச்சில் கொஞ்சம் பொட்டாஷ் போதும். பிளாக்கரண்ட் பழுக்கும் சமயத்தில் வலை கட்ட மறக்க வேண்டாம், இங்கே குருவிகள் நம்மைவிடச் சுறுசுறுப்பு.

லெஸ்டர் அக்கா:
கூஸ்பெரியில் இந்த வருடம் தப்பிய பச்சைக் காய்களைக் கொட்டிவிடாதீர்கள் தம்பி. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய்த்தூள் போட்டுத் தாளித்தால் நெல்லிக்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வரும். புளிப்பு தூக்கலாக இருக்கும், உப்பைப் பார்த்துப் போடுங்கள்.