கையாடல் வழக்கு: தண்டனை வாதத்தில் நஷ்ட ஈடு கேட்பது எப்படி?

வணக்கம். முதலாளியின் பணத்தைக் கையாடிய ஊழியர் குற்றவாளி என முடிவாகி, தண்டனை அளவு பற்றிய வாதம் மட்டும் மீதமுள்ள வழக்குகளை நடத்தியவர்கள் வழிகாட்டுங்கள்.

1.7.2024-க்கு முன் நடந்த குற்றம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 408, பிறகு நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 316(4). இரண்டிலும் உச்சம் 7 ஆண்டு, அபராதமும் உண்டு. ஆனால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் 3 ஆண்டுக்கு மேல் விதிக்க முடியாது. அது போதாது என்று கருதினால் அவர் தன் கருத்தைப் பதிவுசெய்து, வழக்கைத் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 325). தண்டனை அறிவித்த பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

உண்மையான சிக்கல் பணத்தில்தான். முதல் வகுப்பு நடுவர் விதிக்கும் அபராதத்துக்குப் பழைய நடைமுறைச் சட்டத்தில் வரம்பு 10,000 ரூபாய், புதியதில் 50,000. அபராதத்திலிருந்து நஷ்ட ஈடு என்றால் இதற்குள்தான் கிடைக்கும். பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக நஷ்ட ஈடு தர உத்தரவிடும் பழைய நடைமுறைச் சட்டப் பிரிவு 357(3)-க்கு வரம்பு இல்லை, ஆனால் அபராதம் விதிக்காதபோதுதான் அது பொருந்தும். பல லட்சம் இழந்தவருக்கு இது பெரிய அநியாயம்.

சிறை மட்டும் விதித்து 357(3)-இல் முழுத் தொகையும் பெற்றவர்கள் உண்டா? மனுவோடு தணிக்கை அறிக்கை போதுமா, திரும்பி வந்த தொகையைக் கழித்த தனிப் பட்டியலும் வைத்தீர்களா? எதிர்த்தரப்பு 1958 நன்னடத்தைச் சட்டம் பிரிவு 4-ஐ (சிறைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடுவிப்பது) கேட்டால், பிரிவு 5-இன் இழப்பீட்டை அங்கேயே வலியுறுத்தலாமா?