டிவிஎஸ் டயோடு இருந்தும் மாஸ்ஃபெட் எரிந்த கதை

ஒரு மின் ஸ்கூட்டரின் மோட்டார் கன்ட்ரோலர் பழுதுபார்க்க வந்தது. 13 செல் வரிசை பேட்டரி, முழு சார்ஜில் 54.6 வோல்ட். மோட்டாருக்குப் போகும் கரன்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட் எல்லாம் 100 வோல்ட் ரகம். சர்ஜ் பாதுகாப்புக்கு, அதாவது திடீரென எகிறும் வோல்டேஜைப் பிடிக்க, எஸ்எம்பிஜே58ஏ டிவிஎஸ் டயோடும் இருந்தது. அப்படியும் ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட்.

பெயரில் 58 இருப்பதால் 58 வோல்ட்டிலேயே பிடித்து நிறுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். அதுவரைக்கும் அது சும்மா இருக்கும், அவ்வளவுதான். 64.4 வோல்ட்டைத் தாண்டித்தான் கடத்தவே தொடங்கும். ஆறரை ஆம்பியர் அளவு சர்ஜ் பாயும்போது 93.6 வோல்ட் வரை ஏறிவிடும். 100 வோல்ட் மாஸ்ஃபெட்டுக்கு மிச்சம் ஆறரை வோல்ட்கூட முழுசாக இல்லாதபோது, அதை விட அதிக கரன்ட் வந்தால் என்ன ஆகும்? டேட்டாஷீட்டில் நான் முதலில் தேடுவது கிளாம்ப் வோல்டேஜைத்தான், அதாவது சர்ஜின்போது டயோடு ஏற விடும் உச்ச வோல்டேஜை.

இதைவிட முக்கியம் இடம். அந்த போர்டில் டிவிஎஸ் பேட்டரி கனெக்டர் பக்கம் இருந்தது, மாஸ்ஃபெட் மறுகோடியில். 10 செ.மீ. வயருக்குத் தோராயமாக 100 நானோஹென்றி இண்டக்டன்ஸ் (கரன்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. 100 ஆம்பியரை 100 நானோசெகண்டில் வெட்டினால் அதில் மட்டும் 100 வோல்ட் எழும்பும். அந்த முனையில் உட்கார்ந்திருக்கும் டயோடுக்கு இது தெரியவே தெரியாது. செராமிக் கெப்பாசிட்டர்களை மாஸ்ஃபெட்டை ஒட்டியே வைத்து, அது சற்று மெதுவாக அணையும்படி கேட் ரெசிஸ்டரைக் கொஞ்சம் கூட்டினேன். ஆசிலோஸ்கோப்பில் முள்ளாக நின்ற ஸ்பைக் நன்றாகவே தணிந்தது. டிவிஎஸ்ஸை மாற்றியது அதற்கு அப்புறம்தான்.

*

இன்னொரு ஸ்கூட்டரில் நான் பார்த்தது வேறு மாதிரி. பேட்டரி முழு சார்ஜ், நீளமான இறக்கம், ரீஜென் பிரேக் (பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்புவது). பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு சார்ஜிங்கை வெட்டியதும் மோட்டாரிலிருந்து வரும் ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. கன்ட்ரோலரின் மெயின் லைன் வோல்டேஜ் ஏறி டிவிஎஸ் கருகிப்போனது. எஸ்எம்பிஜே ரகத்துக்குச் சொல்லும் 600 வாட் என்பது ஒரு மில்லிசெகண்ட் அளவுத் துடிப்புக்கான கணக்கு. ஒரு ஜூல் பக்கம்தான் வரும். 500 வாட் ரீஜென் ஒரே நொடியில் 500 ஜூல் கொட்டும். எவ்வளவு பெரிய டிவிஎஸ் போட்டாலும் இதற்குக் காணாது. வோல்டேஜ் வரம்பைத் தொட்டதும் ரீஜெனைக் குறைக்கும்படி ஃபர்ம்வேரில் எழுத வேண்டும், அல்லது பிரேக் ரெசிஸ்டர் போட வேண்டும்.

*

டிவிஎஸ்ஸுக்குப் பதில் எம்ஓவி (சர்ஜை உறிஞ்சும் இன்னொரு வகை பாகம்) போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சார்ஜரின் ஏசி பக்கத்துக்கு அது சரி. மோட்டார் பக்கம் வேண்டாம். அடி வாங்க வாங்க அதன் லீக்கேஜ் கூடும், டிவிஎஸ் அளவுக்கு இறுக்கமாக வோல்டேஜைப் பிடிக்கவும் செய்யாது. டிவிஎஸ் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும், அதனால் பேட்டரி லைனில் ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும்.