ஃப்ளாப்பேஸுக்குத் தமிழ்ச்சொல்

> ஃப்ளாப்பேஸ் என்ற சவ்வுப் புரதத்துக்குக் 'கொழுப்புக் கடத்தி' போதுமே. கல்லீரல் செல்லிலிருந்து பித்தத்துக்குக் கொழுப்பை அனுப்புவதுதானே அதன் வேலை?

போதாது ஐயா. ஏபிசிஜி5/ஜி8 என்ற புரத ஜோடியும் அதே செல்லிலிருந்து கொலஸ்டிராலை அனுப்புகிறது. அதற்கும் அதே பெயர்தான் வரும். தவிர, நாம் பேசும் ஃப்ளாப்பேஸான ஏபிசிபி4 எதையும் பித்தம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. பித்த நுண்குழாயை ஒட்டிய செல் சவ்வில் ஏடு, அதாவது கொழுப்பு அடுக்கு, இரண்டு. உள்ளேட்டில் இருக்கும் பாஸ்பட்டிடைல்கோலின் என்ற பாஸ்போலிப்பிடை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவில் வெளியேட்டுக்குத் தள்ளுவதோடு அது நின்றுவிடுகிறது. அங்கிருந்து உருவி எடுப்பவை பித்த உப்புகள். அவற்றைக் குழாய்க்குள் இறைப்பது ஏபிசிபி11 என்ற வேறொரு புரதம்.

ஆகவே சொல்லில் திசை தெரியவேண்டும். உள்ளிருந்து வெளியே: புறப்புரட்டி. வெளியிலிருந்து உள்ளே (ஃப்ளிப்பேஸ்): அகப்புரட்டி. பாஸ்பட்டிடைல்செரின் என்ற மற்றொரு பாஸ்போலிப்பிடை உள்ளே இழுக்கும் ஏடிபி8பி1 புரதம் இந்த இரண்டாம் வகை.

> 'புரட்டு' என்றாலே ஏமாற்று என்றுதான் காதில் விழுகிறது. பித்தலாட்டம் வேறு பக்கத்திலேயே இருக்கிறது!

இருக்கட்டும். பாடநூல் வாசிப்பவர் யாரும் அப்படி மயங்கமாட்டார். ஏட்டைப் புரட்டுவது பழகிய வழக்கு. இங்கே புரள்வது ஏடு அல்ல, மூலக்கூறு என்பதை மட்டும் விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.

திசை குழம்பினால் நோயறிதலும் குழம்பும். புறப்புரட்டியான ஏபிசிபி4 பழுதானால் பித்தத்தில் பாஸ்போலிப்பிடு குறையும். 1993-இல், ஏபிசிபி4-க்கு எலிகளில் இணையான எம்டிஆர்2 மரபணுவை நீக்கிய எலிகளின் பித்தத்தில் அது இல்லாமலே போயிற்று. துணையின்றி நிற்கும் பித்த உப்புகள் சோப்பைப்போல் பித்தநாளச் செல்களை அரிக்கும். கரைந்து நிற்க இடமில்லாத கொலஸ்டிரால் படிகமாகிக் கல்லாகும். குழந்தைகளில் இது முற்றும் பித்தத்தேக்கத்தின் (நாளாக நாளாக முற்றும் பரம்பரை நோய், பிஎஃப்ஐசி) 3-ஆம் வகை. இரத்தத்தில் அளக்கும் காமா ஜிடி என்ற நொதி உயர்ந்திருக்கும். அகப்புரட்டியான ஏடிபி8பி1 பழுதானால் வருவது 1-ஆம் வகை. அங்கே பித்தத்தேக்கம் இருந்தும் காமா ஜிடி இயல்பாகவோ குறைவாகவோதான் இருக்கும். இரண்டுக்கும் 'கடத்திக் குறைபாடு' என்று எழுதினால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

> அப்போது ஸ்கிராம்பிளேஸ்?

ஏடிபி செலவில்லை, இருதிசையிலும் வேலை. 'இருபுறப்புரட்டி' என்றால் ஏடிபி செலவழிக்கும் குடும்பத்தோடு சேர்ந்துவிடும். 'ஏடுகலப்பி' என் பரிந்துரை. கலப்பது ஏடுகளின் லிப்பிடுகளை என்பதால் பொருள் கெடவில்லை. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். 'குழப்பி' மட்டும் வேண்டாம்.